படகு தெரிந்தால் மட்டும்

ஸ்டீபன் அண்ணன் மாரடைப்பில் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது தண்டையார்பேட்டைப் பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். அலுவலக வாட்ஸ்அப் குழுவில் ஒரே வரி. அதற்கு மேலே, முந்தைய நாள் அவரே போட்டது: "கேட்ல லைன் பெருசா கீது. வர்றவங்க தண்ணி எடுத்துனு வாங்க."

துறைமுகத்திலிருந்து கண்டெய்னர்களை வெளியே எடுத்துத் தரும் எங்கள் சிறிய அலுவலகத்தில் நான்கு லினக்ஸ் கணினிகளையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். முன்பு ஆளுக்கொரு கணினியில் இறக்கிய ஆவணங்களை பென் டிரைவில் தூக்கிக்கொண்டு அலைவோம். பிரவுசரில் எதை இறக்கினாலும் நேராகப் பொது நெட்வொர்க் டிரைவில் போய் விழும்படி அவர் மாற்றினார். "ஒர்த்தர் எறக்குனா நாலு பேருக்கும் தெரியணும். இன்னாத்துக்கு ஓடிகினு கீறீங்க?" என்றார். ஒரே ஒரு விதி: காலையில் முதலில் வருபவர் டிரைவ் பெட்டியைப் போட்டு, பச்சை விளக்கு எரிந்த பிறகே கணினியைப் போட வேண்டும்.

ஒரு நாள் ஓட்டுநர் ரபீக் பாய் துறைமுக கேட்டில் வரிசையில் காத்திருந்தார். கண்டெய்னரை வெளியே விடச் சொல்லும் அவருடைய டெலிவரி ஆர்டர் பொது டிரைவில் இல்லை. நான் மதியமே விடுப்பில் போயிருந்தேன். முறை தவறி, அவர் மறுநாள் வரை வண்டியிலேயே கிடந்தார். காலையில் மேனேஜர் எல்லோர் முன்னாலும் ஸ்டீபன் அண்ணனைத் திட்டினார். "செட்டிங்ல தப்பு சார். என்னுதுதான்" என்றார் அவர். அந்த வாரமே அவரை கேட் வேலைக்கு மாற்றினார்கள். வெயில், புழுதி, டிரெய்லர் வரிசை.

கேட்டுக்குப் போகுமுன் அவர் கடைசியாகச் செய்தது, தன் குடும்பத்து மீன்பிடிப் படகின் படம் ஒன்றைப் பொது டிரைவில் போட்டு வைத்ததுதான். "டிரைவ் மாட்டலன்னாலும் அதே பேர்ல காலி ஃபோல்டர் ஒண்ணு உங்க கம்ப்யூட்டர்லயே கீது. பிரவுசர் அதுல போட்டுட்டு கம்முனு இருக்கும். படகு தெரிஞ்சா எறக்கு. தெரிலன்னா கைய எடு." எல்லோருக்கும்தான் சொன்னார். என்னைப் பார்க்கவில்லை.

அடக்கத்தன்று ரபீக் பாய் அழுதுகொண்டே சொன்னார்: "தங்கமான மன்சன்மா. அந்த ஒரு நாளு பேப்பர தொலைச்சி என்னை காய வுட்டான் பாரு, அத வுட்டா ஒரு கொற சொல்ல முடியாது." சுற்றி நின்றவர்கள் தலையசைத்தார்கள். நானும் அசைத்தேன்.

முப்பதாம் நாள் பூசைக்கு வரும் உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். ரபீக் பாய் கேட்டில் காத்திருந்த அன்று அலுவலகத்துக்கு முதலில் வந்தவள் நான். பெட்டியைப் போட மறந்து என் கணினியைப் போட்டேன். பிறகு நினைவு வந்து பெட்டியைப் போட்டேன். அதற்குள் என் கணினி டிரைவ் இல்லாமலே எழுந்துவிட்டிருந்தது. நான் இறக்கிய அவருடைய டெலிவரி ஆர்டர் என் கணினியின் காலி ஃபோல்டரில் தனியாகக் கிடந்தது. மறுநாள் மேனேஜர் வருவதற்கு முன் ஸ்டீபன் அண்ணன் அதை என் திரையில் பார்த்தார். மேனேஜர் அவரைத் திட்டியபோது அது என் தவறு என்று நான் சொல்லவில்லை. பிறகு தனியே மன்னிப்புக் கேட்டபோது, "டிரைவ் இல்லன்னா கத்துன்னு கம்ப்யூட்டருக்கு நான்தான சொல்லி வெச்சிருக்கணும்? போம்மா, வேலைய பாரு" என்றார். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். கேட்டிலிருந்து அவரைத் திரும்ப அழைக்க ஒரு வார்த்தை போதும் என்பது தெரிந்தும் சொல்லவில்லை.

நேற்று மேனேஜரிடம் சொன்னேன். "இப்போ சொல்லி இன்னாம்மா ஆவப் போவுது?" என்றார்.

ரபீக் பாய், அவர் எதையும் தொலைக்கவில்லை. அந்தக் குறையை என் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தப் படகை. தினமும் பச்சை விளக்குக்குக் காத்திருந்து, படகு தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் எதையும் இறக்குகிறேன்.