திரையில் விழுந்த குதிரை

பழனியில் நான் ஜட்கா ஓட்டிய காலம் அது. பக்தர் கூட்டம் குறைந்த ஒரு மாதத்தில், ராஜா காலத்துச் சண்டைப் படம் எடுக்க மலையடிவாரத்துக்கு வந்தவர்கள் வாடகைக்குக் குதிரைகள் கேட்டார்கள். நானும் என் குதிரையைக் கொடுத்தேன். நெற்றியில் வெள்ளைச் சுட்டி இருந்ததால் அதற்குச் சுட்டி என்றே பெயர். காலில் கம்பி கட்டி ஓடவிட்டு, இழுத்து விழவைக்கப் போகிறார்கள் என்று தெரிந்த பிறகும் நான் வாய் திறக்கவில்லை. விழுந்த சுட்டி எழவே இல்லை.

பாலசமுத்திரத்தில் ஒரு தோட்டக்காரருக்கு விற்றுவிட்டதாக வீட்டில் சொன்னேன். "எப்பப்பா சுட்டியப் போய்ப் பாப்போம்?" என்று எட்டு வயது மகள் வாரம் தவறாமல் கேட்பாள்.

மறுவருஷம் அந்தப் படம் எங்கள் ஊர்க் கொட்டகைக்கு வந்தது. மகள் அடம்பிடித்தாள். அத்தனை குதிரைகளுக்கு நடுவே என்ன தெரிந்துவிடப் போகிறது என்று அழைத்துப்போனேன்.

சண்டைக் காட்சியில் எதிரிப் படைக் குதிரை ஒன்று தலைகுப்புற விழுந்தது. கொட்டகையே விசிலடித்தது. மகள் எழுந்து நின்றுவிட்டாள்.

"அப்பா, நம்ம சுட்டிப்பா! விழுந்து கெடக்கு. ஏன் எந்திரிக்கல?"

"அது சும்மா நடிக்கிதுத்தா. உக்காரு."

உட்கார்ந்தாள். அதன் பிறகு அவள் திரையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். யார் ஜெயித்தார்கள் என்பதுகூட அவளுக்குத் தெரியாது.

வீட்டில் என் மனைவி கேட்டாள். "படம் எப்பிடிடீ? குதிரையெல்லாம் வந்துச்சா?"

மகள் ஒருமுறை என் முகத்தைப் பார்த்தாள். "வந்துச்சும்மா. எல்லாம் நல்லா ஓடுச்சு."

எனக்காக அவள் சொன்ன பொய் அது. அன்றே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பாலசமுத்திரம் போகலாமா என்று அவளும் அதன் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை.