கியாராவின் ஆய்வும் செலஸ்ரீனாவின் கேள்விகளும்

1997ஆம் ஆண்டு பங்குனியில் கியாரா ஸ்கூட்டரிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டைக் கொடுக்க ஏழு கிழமைதான் இருந்தது. எழுதியதெல்லாம் கையெழுத்திலேயே கிடந்தது.

பலெர்மோ நகரில், லிபெர்த்தா வீதியிலிருந்த கியாராவின் வீட்டில் நான்கு வருடமாக வேலை செய்துவந்தவள் செலஸ்ரீனா. மன்னாரிலிருந்து வந்தவள், வயது முப்பத்தைந்து. புத்தக அலுமாரியைத் துடைத்தபடியே கேட்டாள்: "நான் ரைப் அடிச்சுத் தரட்டே?"

கியாரா சிரித்துவிட்டாள். செலஸ்ரீனா துணியை வைத்துவிட்டுக் கொம்பியூட்டர் முன்னால் இருந்து, எழுத்துகளைக் குனிந்து பாராமலே ஒரு பக்கத்தை அடித்து முடித்தாள். ஊரில் இரண்டு வருடம் ரைப்பிங் படித்தவள் அவள். அந்த வீட்டில் அதை யாரும் கேட்டதில்லை.

மறுநாளிலிருந்து வீடு கூட்டித் துடைத்தபின் பின்னேரங்களில் இரண்டு மணித்தியாலம் அடித்தாள். முதல் கிழமை வெறும் எழுத்துகள்தான் ஓடின. அவளுடைய இத்தாலியன், பல்லரோச் சந்தையில் மீன் வாங்கப் பழகிய இத்தாலியன். ஆனாலும் 'நாயகன்' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தபோது பொறுக்க முடியவில்லை.

"ஆர் இந்த நாயகன்? ஏன் வீட்டை விட்டுப் போறான்?"

கியாரா விளக்கினாள். அமெரிக்காவில் மெக்சிக்கோ வழிவந்த குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களைச் சிக்கானோ என்பார்கள். வீட்டில் ஒரு மொழி, பள்ளிக்கூடத்தில் இன்னொரு மொழி என்று வளரும் அவர்களுடைய பிள்ளைகளைப் பற்றிய நாவல்களைத்தான் கியாரா ஆய்வுசெய்கிறாள்; தன்னைத் தேடி வீட்டை விட்டுக் கிளம்பும் பிள்ளைதான் அவற்றின் நாயகன்.

"அரக்கன் ஒருத்தனையும் கொல்லுறதில்லையோ?"

"இல்லை. தான் ஆரெண்டு கண்டுபிடிக்கிறதுதான் அவையளின்ர வெற்றி."

தன் வீடிருந்த ஒரேத்தோவுக்குப் போகும் பஸ்ஸில் செலஸ்ரீனா அதையே யோசித்துக்கொண்டு போனாள். இருபத்து நாலு வயதில் தனியாகக் கிளம்பி, மூன்று நாடு தாண்டி வந்தவள் அவள். அதை ஒரு பயணம் என்று யாரும் சொன்னதில்லை. வீட்டில் கணவன் யாக்கோபுவிடம் சொன்னாள். அவன் சிரித்தான். "கதையிலை போனா நாயகன். நாங்கள் வந்தா வேலைக்கு வந்த சனம்."

மூன்றாம் அத்தியாயத்தில் அவளுடைய விரல் நின்றது. சிக்கானோ என்பது ஒருகாலத்தில் ஏளனப் பேராக இருந்ததென்றும், இளம் ஆட்கள் அதையே தங்கள் பேராக எடுத்துக்கொண்டார்கள் என்றும் அதில் இருந்தது. பலெர்மோவில் வீட்டுவேலை செய்பவள் எந்த நாட்டாளாக இருந்தாலும் 'பிலிப்பீனா'தான், பிலிப்பைன்ஸ்காரி. கியாராவின் தாயும் ரெலிபோனில் அப்படித்தான் சொல்லுவாள்.

அடுத்த பக்கத்தில் இன்னொன்று இடித்தது.

"கியாரா, வீட்டை விட்டுப் போனாத்தான் தன்னை அறியலாம் எண்டு எழுதியிருக்கிறீர். ஆனா இந்த நாவலிலை வாற பொம்பிளைப் பிள்ளை எங்கையும் போகேல்லையே. தாய்க்காக ஒபிசிலை நிண்டு மொழிபெயர்க்கிறாள். அங்கையே மாறியிட்டாள்."

கியாரா கிட்ட வந்தாள். தாளை வாங்கித் திரும்பத் திரும்ப வாசித்தாள். அந்த அத்தியாயத்தை இடது கையால் கோணல்மாணலாக மாற்றி எழுதிமுடிக்க நாலு நாள் பிடித்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை ரெலிபோன் மணி அடித்தது. கியாராவின் தாயான சிஞ்ஞோரா யாரிடமோ, "எங்கட பிலிப்பீனா நிக்கிறாள்" என்றாள். அவள் பேசி முடிக்கும்வரை செலஸ்ரீனா காத்து நின்றாள்.

"சிஞ்ஞோரா, நான் பிலிப்பீனா இல்லை. இலங்கைத் தமிழ். பேர் செலஸ்ரீனா."

"எல்லாரும் சொல்லுறதுதானே. ஒரு சொல்லுக்கு என்ன?"

"ஒரு சொல்லெண்டபடியால்தான் மாத்திறது லேசு."

சிஞ்ஞோரா இரண்டு கிழமை முகம்கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு பேர் சொல்லிக் கூப்பிட்டாள், கொஞ்சம் தடக்கித் தடக்கி.

"சிக்கானோ ஆக்கள் அந்தப் பேரை எடுத்துக்கொண்டினமே, நீங்கள் ஏன் பிலிப்பீனாவை எடுக்கேல்லை?" என்று கியாரா கேட்டாள்.

"அது வேறை சனத்தின்ர பேர். அதை எடுத்து நான் என்ன செய்ய?"

ஆடியில் கியாரா பரீட்சகர்கள் முன்னால் நின்றபோது, அவர்கள் அதிகம் கேட்டது தாய்க்காக மொழிபெயர்த்த அந்தப் பிள்ளையைப் பற்றித்தான். கடைசி வரிசையில் சேலையோடு இருந்த செலஸ்ரீனாவுக்குப் பாதி விளங்கியது. மீதியை வெளியே வந்து கியாராவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

படிக்கட்டில் கியாராவின் நண்பன் லொரென்சோ ஒரு கட்டுத் தாளுடன் வந்தான். தன்னுடையதையும் அடித்துத் தரமுடியுமா என்று கேட்டான். கந்தகச் சுரங்கங்களைப் பற்றிய ஆய்வாம்.

செலஸ்ரீனா கட்டை அவிழ்த்து, நின்ற நிலையிலேயே முதல் பக்கத்தை வாசிக்கத் தொடங்கினாள்.