வாயாடி வெர்லின் நீதிபதியான கதை

லஃபாயெட் ஊரில் வெர்லின் கீட்ரியை வக்கீலாக வைத்துக்கொண்டவர்களுக்கு ஒன்று மட்டும் நிச்சயம். வழக்கு ஜெயிக்கிறதோ இல்லையோ, எதிர்த்தரப்பு வக்கீல் தலைவலியோடுதான் வீடு போவார். நெல்வயல் வரப்புத் தகராறோ, இறால் படகு மோதலோ, எதை எடுத்தாலும் ஆதாம் ஏவாளில் தொடங்குகிற ஆள் அவர். பிறகு ஃபெடரல் கோர்ட்டில், வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு அரசாங்கம் தரும் வக்கீலாகப் பல வருஷம் இருந்தார். அங்கே அவர் பேச்சுக்கு மதிப்பும் கூடிற்று, நீளமும் கூடிற்று.

அந்தக் கோர்ட்டிலேயே நீதிபதியாக வேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்த மாநிலத்து செனட்டர் அமைத்த தேர்வுக் குழு, எதற்காக இந்தப் பதவிக்கு ஆசைப்படுகிறீர்கள் என்று கேட்டது. வெர்லின் சொல்லி முடிப்பதற்குள் குழுவில் ஒருவர் விமானத்தைத் தவறவிட்டார். பதவி வேறொருவருக்குப் போயிற்று.

சில வருஷம் கழித்து இன்னொரு இடம் காலியானது. இந்த முறை மனைவி ரோசெல் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். அவளுக்குப் பல் மருத்துவரிடம் வேலை. வாயைத் திற, மூடு என்று சொல்லிச் சொல்லிப் பழகியவள்.

"நான்தான் செனட்டர்," என்று சாப்பாட்டு மேசையில் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். "சட்டத்துக்குக் கட்டுப்படுவீங்களா?"

"கட்டுப்படுவேன். ஏன்னா எங்கப்பா அந்தக் காலத்துல…"

"உங்கப்பா எதுக்கு இங்க வர்றாரு?"

"ஒரு உதாரணத்துக்குத்தான் ரோசெல்."

"கட்டுப்படுவேன், செனட்டர். அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை வந்துச்சு, ராத்திரிக்கு கம்போ கிடையாது."

இறால் போட்ட அந்தக் கொழகொழப்பான குழம்பு இல்லாமல் வெர்லின் இளைத்தார். ஆனால் பாடம் ஏறிவிட்டது. குழு அவரைத் தேர்ந்தெடுத்தது. ஜனாதிபதி அவர் பெயரை முன்மொழிந்தார். அக்கம்பக்கம் விசாரிக்க அதிகாரிகள் வந்தார்கள். "தங்கமான மனுஷன். வேலியோரம் மட்டும் அவருகிட்ட மாட்டிக்காதீங்க," என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

பதவிக்கு ஒப்புதல் தரும் செனட் விசாரணைக்குக் குடும்பமே வாஷிங்டன் போயிற்று. வெர்லினின் அக்கா தீடா அதற்கென்றே புதுத் தொப்பி வாங்கியிருந்தாள். "உங்க குடும்பத்துல யாராவது வந்திருக்காங்களா?" என்று அன்பாகக் கேட்டார் தலைமை வகித்த செனட்டர்.

"வந்திருக்காங்க, செனட்டர்," என்று சொல்லி வெர்லின் வாயை மூடிக்கொண்டார்.

செனட்டர் காத்திருந்தார். பின்வரிசையிலிருந்து ரோசெல், "பேரைச் சொல்லுங்க," என்று கிசுகிசுத்தாள். தன்னைச் சோதிக்கிறாள் என்று நினைத்து அவர் உதட்டை இன்னும் இறுக்கினார்.

வெளியே வந்ததும் தீடா பிடித்துக்கொண்டாள். "பொறந்ததுலேருந்து ஓயாம பேசினவன், என் பேரைச் சொல்ல வேண்டிய இடத்துல ஊமையாயிட்டியேடா."

ஓட்டெடுப்பில் மயிரிழையில் தேறினார்.

முதல் வழக்கு, காப்பீட்டு மோசடி பற்றியது. அரசு வக்கீல் சாட்சியின் வாயில் பதிலைத் திணித்துக்கொண்டிருந்தார். எதிர்த்தரப்பில் வெர்லினின் பழைய சகா கிளியோமா சோனியர் ஏதோ காகிதத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். வெர்லினின் கால்கள் தாமாக எழுந்தன.

"ஆட்சேபிக்கிறேன்," என்றார், கறுப்பு அங்கியோடு நின்றுகொண்டு.

ஜூரிகள் பன்னிரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"யுவர் ஆனர்," என்றாள் கிளியோமா மெதுவாக, "அது நான் சொல்ல வேண்டியது."

வெர்லினுக்குக் காது சிவந்தது. எந்தப் பக்கமும் சாயக் கூடாத இடத்தில், பட்டவர்த்தனமாக ஒரு பக்கம் சாய்ந்தாயிற்று. "நீதிபதி ஆட்சேபிக்க முடியாது. ஆகவே இந்த ஆட்சேபணை நிராகரிக்கப்படுகிறது," என்று தன்னையே தள்ளுபடி செய்து உட்கார்ந்தார். ஜூரியிடம், தான் சொன்னதைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து, கால்கள் எழப் பார்க்கும்போதெல்லாம் மேசை விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். இது வக்கீல்களுக்குத் தெரிய அதிக நாள் ஆகவில்லை. இப்போது அவர் கோர்ட்டில் யாரும் சாட்சியைப் பார்ப்பதில்லை. நீதிபதியின் விரல்கள் வெளுத்த மறுகணம், இரண்டு தரப்பும் சேர்ந்தே எழுந்து ஆட்சேபிக்கின்றன.