அண்ணாமலையாருக்கு ஒரு மெயில் ஐடி

முன்பின் தெரியாத ஒருவரிடம் போய், 'என்னிடம் ஒரு சரக்கு இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள்' என்று கேட்பதற்கு ஒரு முகம் வேண்டும். அந்த முகம்கூட இல்லாமல் கேட்பதுதான் எங்கள் தொழில். மெயில் போட்டு வியாபாரம் பிடிப்பது. அதுவும் கையால் இல்லை, மெஷின் தானாகவே போடும். பெண் பார்த்துவிட்டுப் போனவர்களிடமிருந்து ஒரு தகவலும் வராமல் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்த அனுபவம் உங்களுக்கு இருக்கிறதா? அப்படியென்றால் நீங்களும் நம்ம கட்சிதான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருடங்கள் அவை. திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் போகிற வழியில் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். வெள்ளைக்காரர்கள் வந்து வீட்டுக்கு மெயில் போட்டுவிட்டுப் போவார்கள். அவர்கள் ஊருக்கு நம் ஊர்ச் சரக்கை இதே வழியில் விற்றால் என்ன என்று தோன்றியது. என்னிடம் கம்ப்யூட்டர் படித்த பாஸ்கர் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தான். முகவரிகளை வரிசையாகக் கொடுத்தால் போதும், ஒவ்வொருவர் பெயரையும் போட்டு அதுவே கடிதம் அனுப்பும். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து நினைவூட்டும். அதற்கும் வராவிட்டால் மூன்றாவது தடவை கொஞ்சம் கெஞ்சும். பதில் வந்துவிட்டால் வாயை மூடிக்கொள்ளும். இந்தக் கடைசிக் குணம் என் வீட்டுக்காரருக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அவருக்கு ஓசூருக்கு மாற்றல் வந்திருந்தது. "கார்த்திகை தீபத்துக்குள்ள உன் மெஷின் ஒரே ஒரு வெளிநாட்டு ஆர்டர் வாங்கிக் குடுத்துட்டா, நீ இங்கயே இரு. நான் வாரா வாரம் வந்துட்டுப் போறேன். இல்லன்னா கடைய மூடிட்டு கெளம்பு" என்றார். சரி என்று தலையை ஆட்டினேன். அந்தக் கடையை விட்டுப் போக எனக்குத் துளியும் மனமில்லை.

முதல் பத்திரிகை

முதலில் வந்த வாடிக்கையாளர் ஏழுமலை அண்ணன். எங்களுக்கு எதிரே மெத்தைக் கடை வைத்திருந்தார். தியானம் பண்ண வரும் வெள்ளைக்காரர்களுக்குச் சம்மணம் போட வராது, முட்டி இரண்டும் ஆகாசத்தில் நிற்கும். அதைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, இலவம்பஞ்சு அடைத்து வட்டமாக ஒரு திண்டு தைத்தார் அண்ணன். அதில் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவே இல்லை. அந்தத் திண்டை ஐரோப்பாவில் இருக்கும் யோகா கூடங்களுக்கு விற்பது என்று முடிவு செய்து பட்டியல் தயாரித்தோம்.

மெஷினை ஓட விடப்போகும் நேரத்தில் அண்ணன் தடுத்தார். கல்யாணப் பத்திரிகை அடித்தால் முதலில் சாமிக்கு வைக்காமல் வேறு யாருக்காவது கொடுப்பார்களா? அதனால் முதல் மெயில் அண்ணாமலையாருக்குத்தான் போக வேண்டுமாம். அவருக்கு மெயில் ஐடி இல்லையே என்றேன். டீக்கடைக்காரருக்கே இருக்கிறது, ஊருக்கே பெரியவருக்கு இல்லாவிட்டால் எப்படி, நீயே ஒன்று திறந்து கொடு என்றார். பாஸ்கர் இலவசக் கணக்கு ஒன்றைத் திறக்க உட்கார்ந்தான். பெயர், ஊர் எல்லாம் சுலபமாகப் போயிற்று. அடுத்து பிறந்த தேதி கேட்டது. அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "அடிமுடி தெரியாதவர்கிட்ட பொறந்த தேதி கேக்குறான் பாரு! உன் தேதியப் போடுப்பா பாஸ்கரு, சாமி கோச்சிக்க மாட்டாரு."

மேற்கே சூலம்

இரண்டாவது வாடிக்கையாளர் இந்திரா அக்கா. ஆசிரமத்துக்குப் பின்தெருவில் அறைகள் வாடகைக்கு விடுகிறவர். ஜெர்மனியிலிருந்து கும்பலாக வரும் யோகா கோஷ்டிகளுக்கு மெயில் போட வேண்டும் என்றார், ஒரே நிபந்தனையோடு: ராகுகாலத்தில் ஒரு மெயில்கூடக் கிளம்பக் கூடாது. பாஸ்கர் முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொரு கிழமைக்கும் உரிய ராகுகாலத்தைப் புரோகிராமில் ஏற்றினான். அந்த நேரம் வந்தால் மெஷின் தானாகவே நின்றுவிடும். உலகத்திலேயே பஞ்சாங்கம் பார்த்த முதல் கம்ப்யூட்டர் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை அவசரமாக அனுப்ப வேண்டி வந்தது. அக்காவுக்குச் சட்டென்று ஞாபகம் வந்துவிட்டது: வெள்ளிக்கிழமை மேற்கே சூலம், ஜெர்மனி இருப்பதும் மேற்கே. நேராக வீட்டுக்குப் போனவர் முந்தானையில் வெல்லத்தை முடிந்துகொண்டு வந்தார். மேற்குச் சூலத்துக்கு வெல்லம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் தோஷம் இல்லையே! ஒரு துண்டை என் வாயருகே நீட்டினார். பயணம் போவது நான் இல்லையே அக்கா என்றேன். "மெயிலு வாயில்லாத ஜீவன்டி. அதுக்குப் பதிலா நீ சாப்புடு."

மூன்றாவது கடிதம்

மூன்று வாரம் கழிந்தது. திண்டுக்கு ஒரு பதிலும் வரவில்லை. மெயில் போய்ச் சேருகிறதா இல்லையா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சாமியின் மெயில் பெட்டியைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்று திறந்தேன். போய்ச் சேர்ந்திருந்தது, ஒன்றல்ல, மூன்றும். பட்டியலில் முதல் பெயர் அண்ணாமலையாருடையது. அவர் பதில் போடவில்லை. மெஷினுக்குப் பெரிய மனிதர், சின்ன மனிதர் என்ற பேதம் ஏது? 'தங்கள் மௌனம் எங்களுக்கு வருத்தம் அளிக்கிறது. விருப்பம் இல்லையென்றால் அதையாவது தெரிவிக்கவும்' என்று சாமிக்கே எழுதியிருந்தது.

அந்த நேரம் பார்த்து, அமெரிக்காவில் இருக்கும் தம்பிக்கு மெயில் போடக் கோயில் குருக்கள் ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார். மறைக்க முடியாமல் அவரிடமே காட்டி, இது அபசாரமா என்று கேட்டேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மூன்று கடிதத்தையும் நிதானமாகப் படித்தார். "ஆறு காலமும் உள்ள நின்னு நாங்களும் இதையேதாம்மா கேக்கறோம். எங்களுக்கே இன்னும் பதில் வரலை, உங்க மெஷினைப் பொறுமையா இருக்கச் சொல்லுங்க."

மழை உண்டா?

அதற்கப்புறம் பதில்கள் வர ஆரம்பித்தன. எப்படிப்பட்ட பதில்கள் என்று கேளுங்கள். கடிதம் எழுதும்போதே ஏழுமலை அண்ணனுக்கும் பாஸ்கருக்கும் ஒரு தகராறு. எடுத்த எடுப்பில் சரக்கைப் பற்றிப் பேசுவது மரியாதை இல்லை. 'அங்கு அனைவரும் நலமா? உங்கள் ஊரில் மழை உண்டா?' என்று கேட்டுவிட்டுத்தான் மற்றது என்றார் அண்ணன். வியாபாரக் கடிதத்தில் மழைக்கு என்ன வேலை என்று பாஸ்கர் குதித்தான். அண்ணன் பிடித்த பிடியை விடவில்லை. நான் அதையும் இங்கிலீஷில் எழுதிச் சேர்த்தேன்.

அந்த வருடம் எங்கள் பக்கம் வானம் பொய்த்திருந்தது. கீழ்பென்னாத்தூரில் அண்ணன் போட்டிருந்த வேர்க்கடலை கருகிக்கொண்டிருந்தது. ஐரோப்பாவிலிருந்து வந்ததெல்லாம் மழைச் செய்தி. ஒருவர் ஊரில் பத்து நாளாக அடைமழையாம், இன்னொருவர் ஊரில் ஆற்றில் வெள்ளமாம். கடைசி வரியில் எல்லாரும் ஒன்றுபோல எழுதியிருந்தார்கள்: விசாரித்ததற்கு நன்றி, திண்டு வேண்டாம். பதில் வந்துவிட்டதால் மெஷினும் சமர்த்தாக வாயை மூடிக்கொண்டது. தீபம் நெருங்குகிறதே என்று எனக்கு அழுகை முட்டியது. ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்லி முடித்தபோது அண்ணன் முகம் மலர்ந்திருந்தது. "ஆர்டர் வராட்டி போவுதும்மா. எங்கியோ ஜாஸ்தியா பேஞ்சாத்தான இங்கியும் கொஞ்சம் வரும்?"

சாமி கெஞ்ச மாட்டார்

ஐப்பசிப் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் எங்கள் ரோட்டில் எள் போட்டால் கீழே விழாது. அன்றைக்கென்று, புதிதாகச் சேர்த்த முகவரிகளுக்குத் திண்டுக் கடிதம் போய்க்கொண்டிருந்தபோது பாதியில் நின்றுவிட்டது. ஒரே நாளில் இவ்வளவு கடிதம் போடுகிறீர்களே, நீங்கள் யார் என்று சந்தேகப்பட்டு மெயில் கம்பெனி எங்கள் கணக்கை முடக்கிவிட்டது. பாஸ்கர் கொஞ்சம்கூடக் கலங்காமல் சாமியின் கணக்கைத் திறந்து, மீதிக் கடிதங்களை அதிலிருந்தே அனுப்பினான். "அக்கா, அவரு இதுவரைக்கும் யாருக்கும் ஒரு மெயில்கூட போட்டதில்ல. அவர் மேல எவனுக்கும் சந்தேகம் வராது" என்றான்.

ஏழுமலை அண்ணனுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். ஆனால் அதிலும் ஒரு திருத்தம் சொன்னார்: அந்தப் பட்டியலுக்கு நினைவூட்டல், மூன்றாவது கடிதம் எதுவும் கூடாது. பாஸ்கரும் அவற்றை எடுத்துவிட்டான். அதற்குள் தண்ணீர் கேட்டும், பஸ் எப்போது என்று கேட்டும் கடைக்குள் கூட்டம் புகுந்துவிட்டது. மறுநாள் பாஸ்கர் இன்டர்வியூ என்று சென்னைக்குக் கிளம்பிப் போனான். நானும் முடங்கிய கணக்கை மீட்கும் கவலையில் மற்றதை அடியோடு மறந்துவிட்டேன். கடைசியாக ஞாபகம் இருந்தது அண்ணன் சொன்னது ஒன்றுதான். "ஒரு தபா சொல்லுவாரு, அவ்ளோதான். நம்மள மாதிரி கெஞ்சிக்கினு இருக்க அவருக்கு இன்னா தலையெழுத்தா?"

சொல்லிக்கொண்டு போக வந்தேன்

தீபத்தன்று சாயங்காலம். திண்டுக்கும் சரி, இந்திரா அக்காவின் அறைகளுக்கும் சரி, ஆர்டர் வரவில்லை. கெடு முடிந்தது. என் வீட்டுக்காரர் கம்ப்யூட்டர்களை அட்டைப் பெட்டியில் வைத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். ஒன்றே ஒன்றுதான் மேஜைமேல் மிச்சம். ஏழுமலை அண்ணன் மாதிரிக்குத் தைத்த திண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "ஓசூர்ல குளிரும், வெச்சிக்கம்மா" என்று நீட்டினார். ஊரைவிட்டுப் போகிறவர்கள் சாமியிடம் சொல்லிக்கொள்ளாமல் போகக் கூடாது என்றும் சொன்னார். கோயில் பக்கம் தலைகாட்ட முடியாத கூட்டம். சரி, மெயிலிலாவது சொல்லிக்கொண்டு போகலாம், கையோடு கணக்கையும் மூடிவிடலாம் என்று சாமியின் பெட்டியைத் திறந்தேன்.

உள்ளே மூன்று கடிதங்கள் இருந்தன. மூன்றும் ஹாலந்திலிருந்து, ஒரே அம்மாள் எழுதியவை. முதல் கடிதம்: 'அன்புள்ள திரு. அண்ணாமலையார் அவர்களுக்கு, எங்கள் ஊரில் விடாத மழை. தியானக் கூடத்தின் தரை ஜில்லென்று இருக்கிறது. கூடம் முழுவதற்கும் உங்கள் திண்டுகள் வேண்டும்.' இரண்டாவது: 'என் கடிதம் கிடைத்ததா?' மூன்றாவது: 'திரு. அண்ணாமலையார் அவர்களே, உங்கள் மௌனம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. விருப்பம் இல்லையென்றால் அதையாவது சொல்லக் கூடாதா?'

நாங்கள் அவருக்குப் போட்ட கடிதமே திரும்பி வந்த மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. சத்தமாகப் படித்துக் காட்டினேன். அண்ணன் திண்டைத் தலைமேல் தூக்கிக்கொண்டு கடையைச் சுற்றி வந்தார். என் வீட்டுக்காரர் கையில் கயிற்றோடு வந்து திரையை எட்டிப் பார்த்தார். "சாமியையே ஆள் வெச்சிக்கிட்டயா? அப்ப நான் இன்னாத்த பேசுறது" என்று சொல்லிவிட்டு, கட்டிய கயிற்றை ஒவ்வொன்றாக அவிழ்க்க ஆரம்பித்தார்.

தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு, திண்டுகள் வந்துகொண்டே இருக்கின்றன என்று பதில் எழுதி முடித்தேன். கீழே யார் பெயரைப் போடுவது? ஏழுமலை, உரிமையாளர் என்று அடித்தேன். அதே நேரம் மலைமேல் தீபம் ஏறி, ஊரே அரோகரா என்று அதிர்ந்தது. அண்ணன் வாசலுக்கு ஓடிப்போய்க் கும்பிட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து திரையைப் பார்த்தார். "என் பேர எடும்மா. அவுங்க யாருக்கு எழுதினாங்களோ அவர் பேரயே போடு. நான் தைக்கிற ஆளுதான்."

பதில் வரவில்லையே என்று என்னைப் போலப் புலம்பிக்கொண்டிருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சாமியைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை அவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிடுங்கள்.