ஆம்பூர் ஏரியும் பாஷா பாய் கழுவிய டிரம்மும்

அக்காவின் பேச்சை நம்பாமல்தான் போன ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். ஆம்பூர் பக்கம் ஏரியை ஒட்டி அவளுக்கு ஏரித் தண்ணீரே ஊறுகிற ஒரு கிணறு, இரண்டு கறவை மாடுகள். தோல் பதனிடும் ஷாப்புக் கழிவு ஏரியில் கலந்ததிலிருந்து மாடுகளுக்கு அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் காட்டுவதில்லை. இப்போது ஏதோ கம்பெனி பாக்டீரியா விடுகிறதாம், அது கெமிக்கலைத் தின்றுவிடுமாம். "திங்கக்கிழமையிலேர்ந்து கிணத்துத் தண்ணிதான்டி" என்றாள். நான் வேலூரில் நர்ஸ். கண்ணால் பார்க்காமல் எதையும் நம்புகிற ஆள் இல்லை.

வேலூர் புது பஸ் ஸ்டாண்டில் காலை 7.10-க்குப் பஸ். ஐம்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், டிக்கெட் 45 ரூபாய். அங்கிருந்து ஏரிக்கு ஆறு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் இருநூறு கேட்டு, நூற்றைம்பதுக்கு இறங்கினார்.

"ஏரில இன்னா பாக்கப் போறீங்க?"

"பாக்டீரியா."

"மீன் விடுவாங்க, தெரியும். இது இன்னாமோ பேஜாரா கீது" என்றார். பரவாயில்லை, என் சந்தேகத்துக்குத் துணையாக ஒரு ஆள்.

தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. பத்து நாள் முன்புதான் மழை கொட்டியது, அதனால் அந்தத் தெளிவையும் நான் நம்பவில்லை. கரைக் கொட்டகையில் கம்பெனி வேலைக்கு வைத்திருக்கும் பாஷா பாய் நீல டிரம்மில் வெல்லத் தண்ணீரையும் பாக்டீரியாத் திரவத்தையும் கலந்துகொண்டிருந்தார். இருபது வருஷம் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவராம். கிட்டே போனதும் எங்கள் வார்டு துடைக்கிற வாசனை மூக்கில் ஏறியது.

"என்ன வாசனை பாய் இது? எங்க ஆஸ்பத்திரில வர்ற மாதிரி இருக்கு."

"பிளீச்சிங் பவுடர், சிஸ்டர். டிரம்ம நல்லா கழுவி, அடியில ரெண்டு கரண்டி ஜாஸ்தியாவே போட்டுட்டுதான் மருந்து ஊத்துவேன். ஷாப்ல பழகினது. டிரம்மு சுத்தமா இல்லன்னா தோலு கெட்டுடும்."

"கம்பெனில யாரும் சொல்லலையா?"

"வாரத்துக்கு ஒருக்கா வந்து போட்டோ புடிச்சிட்டுப் போய்டுவாங்க."

பிளீச்சிங் நல்ல கிருமி, கெட்ட கிருமி பார்க்காது, எல்லாவற்றையும் கொன்றுவிடும் என்று சொன்னேன். ஏமாற்றுக்காரனைப் பிடிக்க வந்தவளுக்குக் கிடைத்தது, வேலையை ஒழுங்காகச் செய்த மனுஷன். மனசு கஷ்டமாகிவிட்டது.

"ஆறு மாசமா செத்ததையா ஊத்தினேன்?" என்றார். டிரம்முக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "எங்க வூட்டு எருமை இந்தத் தண்ணிதான் குடிக்குது" என்றார்.

போகிறவர்கள் பத்து மணிக்குள் போய்விடுங்கள், கரையில் நிழலே இல்லை. குடிதண்ணீர் கையோடு எடுத்துப் போங்கள். ஏரியைப் பார்ப்பதற்கு முன்னால் டிரம்மை முகர்ந்து பாருங்கள்.

அக்கா கேட்டாளா என்றால், இல்லை. அங்கிருந்தே போன் போட்டேன். "உனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல?" என்று சண்டைக்கு வந்தாள். பாஷா பாய் கை நீட்டிப் போனை வாங்கினார்.

"பாக்டீரியா ஊத்துறவனே நான்தாம்மா. மாட்டுக்குக் காட்டாதீங்க."