பச்சை விளக்கு அணையும் வரை

போன ஐப்பசியில், திண்டுக்கல்லில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நடந்தது இது. நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறவள். தொழில் தெரியும், வாயும் கொஞ்சம் அதிகம்.

அந்த ஆஸ்பத்திரி எக்ஸ்ரே மெஷினிலிருந்து படத்தை வாங்க, கம்ப்யூட்டருக்குள் மாட்டுகிற ஒரு கார்டு உண்டு. பழைய சாஃப்ட்வேரில் மட்டும்தான் அது வேலை செய்யும். அதனால் ஒரே பெரிய கம்ப்யூட்டருக்குள் இரண்டு கம்ப்யூட்டர்கள் தனித்தனியாக ஓடுகிற மாதிரி அமைத்தேன். ஒன்று லேபுக்கு, இன்னொன்று எக்ஸ்ரேவுக்கு. அந்தக் கார்டை எக்ஸ்ரே பக்கத்துக்கே முழுசாகத் தாரைவார்த்தாச்சு. முதல் நாளே படம் பளிச்சென்று வந்தது. டாக்டர் பாராட்டினார், எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆறு மாதம் கழித்து, அந்த ஐப்பசியில் ஒரு காலையில், ஏதோ அப்டேட் போட்டுவிட்டு எக்ஸ்ரே பக்கத்தை மட்டும் நிறுத்தி மறுபடி கிளப்பினேன். கார்டைக் காணோம்! நிறுத்தினால் அது தன்னைத் துடைத்துக்கொண்டு புதுசாக எழுந்து வரவேண்டும். இது அப்படியே மரத்துப்போய்க் கிடந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் சித்தையன்கோட்டையிலிருந்து ஒருவரைப் பலகையில் படுக்கவைத்துத் தூக்கி வந்தார்கள். தேங்காய் பறிக்க ஏறினவர், தென்னையிலிருந்து விழுந்திருக்கிறார். கழுத்துக்கு இரண்டு பக்கமும் துணியைச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

டாக்டர் என்னிடம் வந்தார். "கழுத்தெலும்பப் பாக்காம இவர அசைக்கவே பயமா இருக்கும்மா. அரை மணி நேரம் தாரேன். படம் வரலேன்னா அப்படியே ஆம்புலன்ஸ்ல ஏத்தி மதுரைக்கு அனுப்பித்தான் ஆகணும்."

ஆனால் அந்த மனுஷன் படுத்தால்தானே! "எனக்கு ஒண்ணுமில்ல. மெஷினே ஓடல, என்னயப் புடிச்சு வச்சிருக்கீக. எந்திரிச்சு நடந்தே போறேன்" என்று கையை ஊன்றினார். அவர் மனைவி தோளை அமுக்கிக்கொண்டு, "செத்த நேரம் பாரு தாயி, நான் புடிச்சுக்கிறேன்" என்று என்னைப் பார்த்துக் கெஞ்சினார். எனக்கு வந்ததே கோபம். "அண்ணே, அசையாம படுங்க! படம் வராம நான் இந்த இடத்த விட்டுப் போறதா இல்ல" என்று கத்திவிட்டேன்.

கத்தியாச்சு, இனி செய்து காட்டணுமே. கார்டைக் கழற்றி மாட்டுகிற கட்டளை, ரீசெட் கட்டளை, எல்லாம் போட்டுப் பார்த்தேன். ம்ஹூம். லேப்காரப் பெண்ணிடம் சொல்லி, ஓடிக்கொண்டிருந்த டெஸ்ட் முடிந்ததும் மொத்தக் கம்ப்யூட்டரையும் ஷட்டவுன் செய்து கிளப்பினேன். அப்பவும் வரவில்லை. பத்து நிமிஷம்தான் பாக்கி. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

மறுபடி ஷட்டவுன் செய்தபோது, பின்னால் நின்ற, எக்ஸ்ரே எடுக்கிற அக்கா குனிந்து பார்த்து, "ஏம்மா, ஆஃப் பண்ணிட்டேன்ற, உள்ள பச்ச லைட்டு எரியுதே?" என்றார்.

அட, கிறுக்கச்சி என்று என்னையே திட்டிக்கொண்டேன். கம்ப்யூட்டர் நின்றாலும் வயரில் வருகிற கரண்ட் அந்தக் கார்டைத் தூங்கவே விடவில்லை. பின்னால் இரண்டு பவர் வயர், இரண்டையும் பிடுங்கினேன். விளக்கு மங்கி, மங்கி, ஒருவழியாக அணைந்தது. இன்னும் ஒரு நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். பிறகு மாட்டிக் கிளப்பினேன். கார்டு வந்துவிட்டது!

பலகையோடு தூக்கி வைத்துப் படம் எடுத்தார்கள். டாக்டர் ஒரு இடத்தில் விரலை வைத்தார். கழுத்தெலும்பில் விரிசல். எழுந்து நடந்திருந்தால் கை, கால் போயிருக்கும் என்றார். அந்த அம்மா கணவரின் தோளிலிருந்து எடுத்த கையை என் தலையில் வைத்தார். எனக்குக் கூசியது.

"ஏம்மா இப்படி ஆச்சு?" என்று டாக்டர் கேட்டார். கரண்ட் மேல் பழியைப் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. "ஓடுதான்னு மட்டும் பாத்தேன் சார். நிறுத்துனா திரும்ப வருதான்னு ஒரு தடவகூடப் பாக்கல. என் தப்புதான்" என்றேன்.

கழுத்துப்பட்டை போட்டு அவரை மதுரைக்கு அனுப்பினார்கள். தை மாதம் தன் காலாலேயே நடந்துவந்து ஆஸ்பத்திரியில் என்னைப் பற்றி விசாரித்தாராம், "அந்தக் கத்துன புள்ள எங்க?" என்று.

இப்போதெல்லாம் எந்த இடத்தில் வேலை முடித்தாலும், என் கையாலேயே ஒரு தடவை எல்லாவற்றையும் நிறுத்தி, அது தானாக எழுந்து வருவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் என் பையைத் தூக்குகிறேன்.