களிமண்ணில் திறக்காத கதவு

லெனார்ட் ஹ்ருஷ்கா பதினெட்டு வருஷம் கதவுதான் வரைந்தான். டெட்ராய்ட்டில் அவன் வேலை பார்த்த கார் கம்பெனியில் முகப்புக்கு ஓர் ஆள், இருக்கைக்கு ஓர் ஆள், கதவுக்கு இவன். கல்யாணம் என்று ஒன்று நடக்கவில்லை. ஞாயிறானால் தங்கை ருஷேனா வீட்டில் சாப்பாடு, அவள் மகள் நாலு வயது மில்லியோடு விளையாட்டு. அவ்வளவுதான் அவன் உலகம்.

இரண்டாம் உலகச் சண்டை முடிந்த கையோடு ஊரே புதுக் காருக்குப் பறந்தது. நாலு வருஷமாக டாங்கி செய்துகொண்டிருந்த கம்பெனி, குடும்பக் கார் ஒன்றை அவசர அவசரமாகக் கொண்டுவரப் பார்த்தது. முதலில் அந்தக் காரின் மாதிரியை முழு அளவில் களிமண்ணில் செய்தார்கள். வெள்ளித்தாள் ஒட்டினால் பம்பர், கத்தியால் கீறினால் கதவு. வடிவமைப்புத் தலைவர் டில்டன் பின்கதவின் கீலைப் பின்பக்கம் வைத்து, முன்கதவுக் கைப்பிடியும் பின்கதவுக் கைப்பிடியும் நடுவில் ஒட்டி நிற்கும்படி செய்திருந்தார். முதலாளி தொப்பியோடு ஒரு சுற்று வந்து அங்கே நின்றார்.

"ஜோடியா நிக்குது பாருய்யா, பொண்ணு மாப்பிள்ளை மாதிரி!"

அவர் மெச்சிய இடத்தில் மஞ்சள் நாடா ஒட்டுவது அங்கே வழக்கம். நாடா ஒட்டிய இடத்தை அப்புறம் ஒருத்தரும் தொடக்கூடாது. அந்தக் கதவை யாராவது திறந்து பார்த்தார்களா? களிமண் கதவை எப்படித் திறப்பது! நல்ல கூத்து.

லெனார்ட் மட்டும் மனசுக்குள் அதைத் திறந்து பார்த்தான். கீல் பின்னால் இருந்தால் கதவின் திறக்கும் விளிம்பு முன்னால் வந்து காற்றைப் பார்த்து நிற்கும். கொக்கி அரைகுறையாக மாட்டியிருந்தால் ஓடும் வண்டியில் காற்றே கதவைப் பிடுங்கிவிடும். கதவில் சாய்ந்திருப்பவர்களைக் கேட்கவே வேண்டாம். தலைமை எஞ்சினியர் பர்க்கெட்டிடம் போய்ச் சொன்னான்.

"மஞ்ச நாடா ஒட்டியாச்சு லென்னு. நீ கோட்டைப் போடு, போதும்."

போட்டான். படத்தின் மூலையில் வழக்கம்போலத் தன் பெயரையும் எழுதினான்.

ஓட்டிப் பார்க்க முதல் வண்டி வந்தபோது, கொக்கியை வேண்டுமென்றே பாதி மாட்டி, நாற்பது மைல் வேகத்தில் ஓட்டச் சொன்னான். பின்கதவு படாரென்று திறந்து, பின்பக்கத் தகட்டில் அறைந்து வளைந்தது. உள்ளே சாய்த்து வைத்திருந்த மணல் மூட்டை சாலையில் கிடந்தது. அதை அப்படியே அறிக்கையாக எழுதிக்கொண்டு ஓடினான்.

பர்க்கெட் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "தகடு அடிக்கிற அச்சு எல்லாம் வெட்டியாச்சுப்பா. இப்பப் போய் மாத்துன்னா ஒரு வருஷம் போயிரும். வாங்குறவன் கதவை ஒழுங்காச் சாத்தட்டும்."

"குழந்தைங்க சாத்துமே சார்?"

"நம்ம ரெண்டு பேரும் சம்பளக்காரங்க, லென்னு. போய் வேலையைப் பாரு."

அறிக்கை அவர் மேஜை இழுப்பறைக்குள் போனது, போனதுதான். வண்டி வெளியே வந்தது. ஜனங்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். அந்த வரிசையில் ருஷேனாவின் புருஷன் எமிலும் நின்றிருக்கிறான், பாவி, லெனார்டிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்! மச்சானை அசத்தவேண்டுமாம்.

"எமில், அந்தப் பின்கதவு சரியில்ல. நான் சொல்றேன், கேளு."

"அடடா, தன்னடக்கத்தைப் பாருங்கய்யா! தெருவெல்லாம் சொல்லிட்டேன் மச்சான், இது எங்க லெனார்ட் போட்ட கதவுன்னு."

அதற்கு மேல் என்ன சொல்ல? தெரிந்தேதான் வரைந்தேன் என்றா? ஒவ்வொரு ஞாயிறும் அவர்களோடு ஊர் சுற்றப் போனான். பின்சீட்டில் கதவோரம் உட்கார்ந்து, மில்லியை நடுவில் இருத்தி, வீடு திரும்பும்வரை கைப்பிடியை விடாமல் பிடித்திருப்பான். "மாமா, ஜன்னலு!" என்று பிள்ளை சிணுங்கும். இவன் அசையமாட்டான்.

ஆகஸ்டில் பிட்ஸ்பர்க்கில் எமிலின் தம்பிக்குக் கல்யாணம். முந்நூறு மைல். எமிலின் அம்மாவும் அக்காவும் கூட வர, லெனார்டுக்கு வண்டியில் இடமில்லை. கிளம்பும் நாள் விடிந்ததும் வந்து, துணி காயப்போடும் கயிற்றால் பின்கதவுகள் இரண்டின் உள்கைப்பிடிகளையும் ஒன்றோடொன்று சேர்த்து இறுகக் கட்டினான். பெரியவர்கள் முன்கதவு வழியாக ஏறட்டும், குடியா முழுகிப்போகும்?

கசகசா ரொட்டிக் கூடையோடு வந்த ருஷேனா பார்த்தாள். அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. குனிந்து முடிச்சுகளை அவிழ்த்தாள்.

"என்ன அண்ணே இது, புது வண்டியை மாட்டைக் கட்டுற மாதிரி? கல்யாண வீட்டுல நாலு பேரு பார்த்தா என்ன சொல்லுவாங்க? உன் கதவை நீயே நம்பலைன்னு சிரிக்க மாட்டாங்களா?"

"ருஷேனா, அது திறந்துக்கும். சத்தியமாத் திறந்துக்கும்."

"போ அண்ணே. உன்னை நம்பாம நான் யாரை நம்புறது?"

சுருட்டிய கயிற்றை அவன் கையில் வைத்துவிட்டு ஏறிக்கொண்டாள். நடுவில் பாட்டியும் அத்தையும் நெருக்கி உட்கார்ந்ததால் மில்லிக்கு ஆசைப்பட்டபடியே ஜன்னலோரம் கிடைத்தது. கதவில் சாய்ந்து, கண்ணாடியில் மூக்கை அழுத்தி, மாமாவுக்குக் கைகாட்டினாள். லெனார்ட் ஓடிப்போய் அந்தக் கதவைத் திறந்து, சாய்ந்த பிள்ளையை உள்ளே நகர்த்தி, கொக்கி முழுசாக மாட்டட்டும் என்று பலங்கொண்ட மட்டும் ஒருதரம் அறைந்து சாத்தினான். "மெதுவா மச்சான், புதுசு!" என்று சிரித்துக்கொண்டே எமில் வண்டியை எடுத்தான்.